டோயோட்டா 86: மானுவலா, ஆட்டோவா? தாப்பா மலைச்சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்

என் இடது முட்டியைக் கேட்டால் யோசிக்காமல் ஆட்டோ (கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர்) என்று சொல்லும். இருபத்திரண்டு வருஷமாகச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். தோட்டத்துக்கும் ஆலைக்கும் ஒரு நாளைக்கு நான்கு நடை, குலை அதிகம் விழும் மாதங்களில் ஆறு நடை. செம்மண் பாதையில் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறேன் என்று நான் எண்ணியதில்லை. முட்டி எண்ணி வைத்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழும்போது கணக்கை ஒப்பிக்கும்.

இந்த லட்சணத்தில் நாற்பத்தேழு வயதில் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சின்ன வயதில் லயத்து வாசலில் நின்று, தோட்ட மானேஜரின் இரண்டு கதவுக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்தவன் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. போன வருஷம் லோரிக் கடன் முடிந்தது. கையில் லட்சம் மலேசிய வெள்ளிக்குச் சற்றுக் கீழே இருந்தது. அந்தப் பணத்துக்கு, பின்சக்கரம் தள்ளுகிற, உயரம் குறைந்த, உதிரிச் சாமான் தேடி அலைய வைக்காத வண்டி என்று பார்த்தால் பழைய டோயோட்டா 86-இல்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

2012-இல் வந்த முதல் தலைமுறையைச் சொல்கிறேன். டோயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த கார். 1,998 சிசி பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும்), 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் இழுவை. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் நீளமும் இரண்டுமே 86 மில்லிமீட்டர் என்பது ஜப்பான்காரர்களின் குறும்பு. சாலை வரி வருஷத்துக்கு 379 வெள்ளிதான். பின் இருக்கை என்று ஒன்று உண்டு; கொய்யாப்பழப் பை வைக்கலாம், கால் உள்ள மனிதரை வைக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வண்டிகள் கிடைத்தன. ஆட்டோ, சிலிம் ரிவரில் மருந்துக்கடை வைத்திருக்கும் தெரிந்தவருடையது. குழந்தை பிறந்ததால் விற்கிறார். ஒரு நாள் முழுக்க என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன். மானுவல், ஈப்போவில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் இருந்தது. கடையின் பெயர் வேண்டாம். காரணம் கீழே வரும். ஐந்நூறு வெள்ளி முன்பணம் கட்டி, கடைப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தாப்பாவுக்கு ஓட்டி வந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தது ஒரே சாலையில்: தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கந்தார் அருவி தாண்டி ரிங்லெட் வரை. வெள்ளைக்காரன் காலத்து 59-ஆம் எண் சாலை. மேலே கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே காய்கறி லோரி. இந்த ஊர்க்காரனுக்கு இதைவிட நல்ல பரிசோதனைக் களம் எங்கே கிடைக்கும்?

முதலில் ஆட்டோ. டவுனுக்குள் குறையே இல்லை. ஆறு கியர், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் பழைய முறை டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். சீனப் பள்ளி விடும் நேரத்தில் பெரிய சாலையில் நத்தையாக நகர்ந்தபோது, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே ஊர்ந்தது. முட்டி நன்றி சொன்னது. நெடுஞ்சாலையில் இன்னும் சுகம். ஆட்டோவின் ஆறாவது கியர் விகிதம் 0.582. மானுவலில் அதே ஆறாவது 0.767. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டோவின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 சுற்றுதான் சுற்றும். மானுவல் 2,900-ஐத் தொடும். ஈப்போவிலிருந்து மானுவலில் வந்தபோது, இன்னும் ஒரு கியர் இருக்கிறதோ என்று இரண்டு தடவை குச்சியைத் தடவிப் பார்த்தேன். கடைப் பையன் சிரித்தான்.

ஆட்டோவில் கியர்க் குச்சிக்குப் பக்கத்தில் ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான், ஸ்னோ என்று ஒரு பொத்தான். ஸ்னோவை அழுத்திப் பார்க்க ஆசையாக இருந்தது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் பனிக்கு ஒரு பொத்தான்! பனை இருக்கிறது, பனிதான் பாக்கி.

மலை ஏற ஆரம்பித்ததும் கதை மாறியது. குச்சியை டியில் (தானே கியர் மாற்றிக்கொள்ளும் நிலை) விட்டுவிட்டு வளைவுக்குள் போகிறேன். காலைத் தளர்த்தியதும் கியர்பாக்ஸ், இவர் ஓய்வெடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து மூன்றாவதுக்குப் போய்விடுகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதித்தால் ஒரு யோசனை, அப்புறம் இரண்டாவதுக்கு இறங்கி ஒரு கத்தல். அடுத்த வளைவிலும் அதே. ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் யோசனை குறைகிறது, தீர்ந்துபோவதில்லை. அதைக் குறை சொல்லி என்ன செய்ய? அதற்குத் தெரிந்தது என் காலும் வேகமும்தான். முன்னால் கொண்டை ஊசி வளைவு வருகிறது என்பதை நான் பார்க்கிறேன், அது பார்ப்பதில்லை.

இந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 3,500 சுற்றிலிருந்து 4,500 சுற்று வரை ஒரு பள்ளம். அந்த இடத்தில் மிதித்தால் இழுவை சோர்ந்துபோகும். 4,500-ஐத் தாண்டியதும் திரும்ப உயிர் வரும். உச்ச இழுவை கிடைப்பது 6,400-க்கு மேல். இதை முதல் நாளே உடம்பில் உணர்ந்தேன், காரணம் பிறகுதான் புரிந்தது. ஆலையில் எடை மேடைக்கு வரிசையில் நிற்கும்போது, எடைச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கியர்பாக்ஸின் விகிதங்களையும் எழுதிக் கணக்குப் போட்டேன். கடைசிப் பல்சக்கரம் இரண்டிலும் 4.1, டயரும் ஒரே அளவு. மானுவலின் இரண்டாவது 2.188, ஆட்டோவின் இரண்டாவது 2.060. அதாவது இரண்டாவது கியரில் மானுவல் 59 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தை விட்டு வெளியே வரும், ஆட்டோ 63-இல் வரும். நான்கு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தச் சாலையில் வளைவு முடிந்து அடுத்த வளைவு தொடங்குவதற்குள் கிடைப்பதே அந்த நான்கு கிலோமீட்டர்தான்.

இன்னொன்றும் அந்தச் சீட்டில் தெரிந்தது. ஒன்றுக்கு ஒன்று என்கிற நேர் விகிதத்தை மானுவல் ஐந்தாவது கியரில் எட்டுகிறது, ஆட்டோ நான்காவதிலேயே எட்டிவிடுகிறது. ஒரே உயரத்துக்கு ஒன்றில் ஐந்து படி, இன்னொன்றில் நான்கு படி. படிக்கட்டின் நடுவில் ஒரு பலகை வேறு உளுத்திருக்கிறது. எந்தப் படிக்கட்டில் அதைத் தாண்டுவது சுலபம்?

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஆட்டோவிலும் இதற்கு வழி இருக்கிறது. குச்சியை ‘எம்’ (மானுவல்) பக்கம் தள்ளிவிட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளை இழுத்தால் இரண்டாவதிலேயே பிடித்து வைக்கலாம். கியர் இறக்கும்போது எஞ்சினைத் தானே ஒரு உறுமு உறுமவைத்து வேகத்தைச் சேர்த்துக்கொள்கிறது. லோரிக்காரன் நான் பதினைந்து வருஷத்தில் கற்றுக்கொண்டதை அது பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. அருவி வரை அப்படித்தான் ஓட்டினேன், நன்றாகவே இருந்தது. ஆனால் வழி முழுக்க நானே இழுத்துக்கொண்டிருந்தால், அப்புறம் ஆட்டோவுக்கு என்ன வேலை?

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் சாகிறார்கள். எனக்கு லோரி கற்றுக்கொடுத்த பெரியவர் சொன்னது ஒரே விதி: ஏறின கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை இறங்கினால் பாதி வழியில் வாசனை வரும், அப்புறம் மிதி மெத்தையாகும், அப்புறம் கடவுள் விட்ட வழி. ஆட்டோ இறக்கத்தில் எஞ்சினைப் பிடிக்காது என்று காப்பிக்கடையில் பேசுகிறார்கள். தப்பு. இரண்டாவதைப் போட்டுப் பிடித்தால் இந்த ஆட்டோவும் கெட்டியாகப் பிடிக்கிறது. ஆபத்து டியில் விட்டுவிட்டு இறங்குவதில். அப்போது அது மேல் கியருக்குப் போய் வழுக்க ஆரம்பிக்கும், உங்கள் கால் பிரேக்கிலேயே கிடக்கும். மலையிலிருந்து வாடகைக் காரில் இறங்குகிற கோலாலம்பூர் குடும்பங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். வளைவுக்கு வளைவு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது மானுவல். ஈப்போக் கடையில் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தேன். லோரிப் பழக்கத்தில் மிதித்ததில் மிதி தரையில் போய் டொக்கென்று இடித்தது. அவ்வளவு லேசு. கடைப் பையன் பயந்துபோய், “போஸ், மெதுவா, மெதுவா” என்றான். என் லோரியோடு பார்த்தால் இந்தக் கிளட்ச் ரப்பர்ச் செருப்பு மாதிரி. முட்டிக்காக ஆட்டோ வாங்க வேண்டும் என்று நினைத்திருந்த என் வாதத்தில் பாதி அங்கேயே போயிற்று.

குச்சி குட்டையானது. விரல் பிடியில் நகர்கிறது. கியர் விழும்போது கிளிக்கென்று பூட்டுக்குள் சாவி திரும்புவதுபோல ஒரு உணர்வு. ரிவர்ஸ் முதல் கியருக்கு இடது பக்கம்; குச்சியின் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் தூக்கினால்தான் போகும். எஞ்சின் சூடாகும் வரை இரண்டாவது கியர் சற்று முரண்டு பிடிக்கும். நெருக்கித் தள்ளக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் பொறுமையாக ஓட்டினால் தானே வழிக்கு வரும்.

மலையில்? அதே வளைவுகள். இரண்டாவதில் உள்ளே போய், இரண்டாவதிலேயே வெளியே வந்தேன். நடுவில் யாரும் என்னைக் கேட்காமல் எதையும் மாற்றவில்லை. அருவிக்கு முந்தின நீண்ட ஏற்றத்தில் ஒரு காய்கறி லோரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் மூன்றாவதில் 45-இல் போனால் எஞ்சின் 2,400-இல் முனகும். இரண்டாவதில் போட்டுக் காத்திருந்தேன். சாலை திறந்ததும் மிதித்தேன். பள்ளத்தைத் தாண்டும் வரை ஒரு தயக்கம், அப்புறம் 7,000 வரை ஒரே மூச்சு. லோரி கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. அந்த லோரிக்காரரின் மனநிலை எனக்குத் தெரியும் என்பதால் கை காட்டிவிட்டுப் போனேன். கம்பெனிக் கணக்குப்படி நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட மானுவலுக்கு 7.6 நொடி, ஆட்டோவுக்கு 8.2. அந்த அரை நொடிச் சொச்சம் எனக்குப் பொருட்டே இல்லை.

இப்போது அந்தக் கடை விஷயம். கிளட்ச் போன மாதம்தான் மாற்றினது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். தாப்பா டோலைத் தாண்டியதும் நான் செய்தது இது: 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர் போட்டு, ஒரேயடியாக மிதித்தேன். கிளட்ச் நன்றாக இருந்தால் வேகமும் சுற்றும் கைகோத்து ஏற வேண்டும். சுற்றைக் காட்டும் முள் மட்டும் துள்ளி ஏறியது, வண்டி அங்கேயே இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது. அப்புறம் நிறுத்தி நியூட்ரலில் வைத்துக் காது கொடுத்தேன். சிள்வண்டு மாதிரி ஒரு கீச்சு. மிதியில் காலை வைத்ததும் சத்தம் நின்றது, எடுத்ததும் வந்தது. கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்தான். பையனிடம் காட்டினேன். அவன் வயதுக்கு அவன் என்ன செய்வான்? முதலாளிக்குப் போன் போட்டான். அரை மணி நேரம் பேசி 3,000 வெள்ளி குறைத்தார்கள். பழைய மானுவல் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் செய்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்டோ வாங்கினால், பிரேக்கை மிதித்தபடி டியிலிருந்து ஆருக்கும் (ரிவர்ஸ்) ஆரிலிருந்து டிக்கும் மாற்றிப் பாருங்கள். தாமதித்து, பிறகு உதைத்தால் தள்ளி வைத்துவிடுங்கள்.

மானுவலுக்கு எதிரானதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கு ஏறினால், பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் சந்தை வரை ஏற்றத்தில் நின்று நின்று போக வேண்டும். நல்ல நாளில் சில நிமிடத் தூரம்; தீபாவளியை ஒட்டிய அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். ஹேண்ட்பிரேக்கை இழுப்பதும் விடுவதுமாக, ஓட்டுநர் தேர்வில் மேட்டில் நிறுத்தி எடுக்கிற பரிசோதனையை நூறு தடவை எழுதினேன். முட்டி மறுநாள் கணக்கை ஒப்பித்தது, வட்டியோடு. வாரத்தில் ஐந்து நாள் கோலாலம்பூர் நெரிசலில் வேலைக்குப் போகிறவர் என்னிடம் கேட்டால் ஆட்டோவை எடுங்கள் என்றுதான் சொல்வேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு மானுவல் பொருந்தியதற்குக் காரணம் ஆட்டோ மட்டம் என்பதல்ல, இந்த எஞ்சினில் பள்ளம் இருக்கிறது என்பதுதான். பள்ளம் எங்கே என்று தெரிந்தவன் கையில் குச்சி இருக்க வேண்டும். புதிய ஜிஆர் 86 வந்த பிறகு இந்த வாதம் எடுபடாது. அதில் 2,387 சிசி, 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 சுற்றிலேயே. பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டார்கள். பீடோரில் ஒரு தவுக்கேயின் (சீன முதலாளியின்) மகன் அதில் ஆட்டோ வைத்திருக்கிறான்; கேட்டதும் கொடுத்தான். மலையடிவாரம் வரைதான் ஓட்டினேன். மூன்றாவதில் விட்டாலும் இழுத்தது. அந்த வண்டியாக இருந்தால் நான் ஆட்டோதான் எடுப்பேன். விலை ஏறக்குறைய மூன்று லட்சம் வெள்ளி, சாலை வரி 767. எனவே எடுக்க மாட்டேன்.

கடைசியாக வீட்டுச் சிக்கல் ஒன்று. என் மனைவியிடம் இருப்பது டிஏ லைசென்ஸ். ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம். மானுவலில் உட்கார்ந்து ஓட்டினால் சட்டப்படி குற்றம். சாவியை மேசையில் வைத்தபோது ஒரு பார்வை பார்த்தாள்.

“ஏங்க, வேணும்னே இதப் பாத்து வாங்கினீங்களா?”

“கியர் விகிதம்...” என்று ஆரம்பித்தேன்.

“விகிதமா? நான் ஓட்டக் கூடாதுங்கிற விகிதம்தானே?”

எடைச் சீட்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்தில் இருந்த டன் கணக்கை மட்டும் படித்துத் திரும்பக் கொடுத்தாள். சின்னவள் மட்டும் என் பக்கம். வருகிற மாதம் பதினெட்டு முடிகிறது. டிஏ வேண்டாம், டி எடுக்கிறேன் என்று ஓட்டுநர் பள்ளியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் எடுப்பது எப்படி என்று தினமும் சாப்பாட்டு மேசையில் கேள்வி. என் வண்டியில் பழக விடுவேனா என்று இன்னும் கேட்கவில்லை. கேட்பாள்.

கிளட்ச் செட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்த்து, கியர்பாக்ஸை ஒரே தடவை இறக்கி, தாப்பாவில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் மாற்றியாயிற்று. கடை குறைத்த மூவாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. “அண்ணே, லோரிக்காலால மிதிக்காதீங்க, ரொம்ப நாள் வரும்” என்று தம்பி சொல்லி அனுப்பினான். 4,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சிள்வண்டுச் சத்தம் இப்போது சாலையோரக் காட்டிலிருந்து மட்டும்தான் வருகிறது.